சிக்குன்குனியா விட்டு நாலு மாதம் ஆகியும் மூட்டுவலி: இது முடக்குவாதமா? என்ன டெஸ்ட், என்ன மருந்து?

கரிசல்காடு (கேள்வி)

வணக்கம். அத்தைக்காகக் கேட்கிறேன். வயது 56. ஆறு வருஷமாக சுகர், மெட்ஃபார்மின் போடுகிறார். பிரஷருக்கு டெல்மிசார்டனும் ஹைட்ரோகுளோரோதயசைடும் சேர்ந்த மாத்திரை. நாலு மாதத்துக்கு முன் சிக்குன்குனியா வந்தது, ஐ.ஜி.எம். (புதுத் தொற்றைக் காட்டும் ரத்த டெஸ்ட்) பாசிட்டிவ். காய்ச்சல் ஐந்தே நாளில் விட்டது, வலி விடவில்லை.

இரண்டு மணிக்கட்டு, விரல் கணுக்கள், கணுக்கால், குதிகால். காலையில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குக் கை மடங்காது. பேஸ்ட்டைப் பிதுக்க முடியாது, குழாயைத் திருக முடியாது. பத்து மணிக்கு மேல் கொஞ்சம் தேவலை. கட்டிலிலிருந்து முதல் அடி வைக்கும்போது குதிகாலில் ஆணி ஏறுகிற மாதிரி இருக்கிறதாம். வலது கையில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் ராத்திரியில் மரத்துப்போகின்றன.

"கிருமி இன்னும் உடம்பில் இருக்கு" என்கிறார்கள் சிலர், "சரவாங்கி (முடக்குவாதம்) ஆயிடுச்சு" என்கிறார்கள் சிலர். பக்கத்து ஊரில் ஒருவர் பொட்டலம் போட்டுக் கொடுத்த பொடியை ஐந்து வாரம் சாப்பிட்டார். இரண்டே நாளில் வலி பறந்தது. பொடி தீர்ந்ததும் முன்னைவிட மோசம். மறுபடி வாங்கி இப்போது பத்து நாளாகிறது.

லேப் ரிப்போர்ட்: முடக்குவாதத்துக்குப் பார்க்கும் ஆர்.ஏ. ஃபேக்டர் 24 (வரம்பு 20), அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். 46, யூரிக் ஆசிட் 6.8, ஏ.எஸ்.ஓ. நெகட்டிவ். யூரிக் ஆசிடுக்கென்று ஃபெபுக்சோஸ்டாட் 40 எழுதியிருக்கிறார்கள். இது முடக்குவாதம்தானா? அடுத்து என்ன செய்வது?

வாதநோய்_வார்டு

மகோண்டே மொழியில் "சிக்குன்குனியா" என்றால் உடம்பை வளைத்துப் போடுவது என்று பொருள். தான்சானியாவின் மகோண்டே பீடபூமியில் 1952-53இல்தான் நோயை முதலில் இனங்கண்டார்கள். பெயர் வைத்தவர்கள் காய்ச்சலைப் பார்த்து வைக்கவில்லை, மூட்டைப் பார்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். எனவே உங்கள் அத்தைக்கு நடப்பது அபூர்வம் இல்லை.

முதல் மூன்று வாரம் தீவிர நிலை. அங்கிருந்து மூன்று மாதம் வரை இடைநிலை, பெரும்பாலானோருக்கு இதற்குள் அடங்கிவிடும். மூன்று மாதம் தாண்டினால்தான் நாட்பட்ட நிலை. மருந்தே இந்தக் கணக்கை வைத்துத்தான் மாறுகிறது. முதல் வாரத்தில் கொடுக்கக் கூடாத மருந்து நாலாம் மாதத்தில் தேவைப்படலாம். 45 வயதைத் தாண்டியவர்கள், பெண்கள், ஏற்கெனவே மூட்டுத் தேய்மானம் உள்ளவர்கள், ஆரம்பத்திலேயே வலி கடுமையாக இருந்தவர்கள், இவர்களுக்குத்தான் அதிகம் இழுக்கிறது. கொலம்பியாவில் 20 மாதம் கழித்து விசாரித்தபோதும் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு மூட்டுவலி இருந்தது.

"கிருமி இருக்கு" என்பதற்கு நேரான பதில்: ரத்தத்திலிருந்து வைரஸ் ஒரு வார அளவில் போய்விடுகிறது. 2005-06இல் ரீயூனியன் தீவில் மக்கள்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு இது வந்தது, நாட்பட்ட நிலை பற்றி நமக்குத் தெரிந்ததில் பாதி அங்கிருந்து வந்ததுதான். அங்கே ஒரு நோயாளியின் மூட்டு உறைச் சவ்வில் 18 மாதம் கழித்தும் வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டது. பிறகு கொலம்பியாவில் மூட்டு நீரை எடுத்துப் பார்த்தபோது வைரஸ் இல்லை. மிச்சம் மீதி ஏதாவது தங்குகிறதா என்ற விவாதம் நடக்கட்டும். வலியைக் கிளப்புவது நம் எதிர்ப்பாற்றலின் அழற்சி. அதற்கு ஆன்டிபயாட்டிக் எதுவும் செய்யாது, வைரஸைக் கொல்லும் மருந்தும் கையில் இல்லை.

முடக்குவாதமா என்றால், இரண்டும் வெளியில் ஒரே மாதிரிதான் இருக்கும்: இரண்டு பக்கமும், சின்ன மூட்டுகள், காலை விறைப்பு. ஆர்.ஏ. ஃபேக்டர் 24 என்பதை வைத்து முடிவு கட்டாதீர்கள். முடக்குவாதத்தை இன்னும் குறிப்பாகக் காட்டும் ஆன்ட்டி சி.சி.பி. ரத்தப் பரிசோதனை பார்க்க வேண்டும். இரண்டு கை, இரண்டு பாதம் எக்ஸ்ரே எடுத்து எலும்பு ஓரத்தில் அரிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சிக்குன்குனியாவில் மூட்டைவிட தசைநார் உறைதான் பல பேருக்கு வீங்கியிருக்கும், அது எக்ஸ்ரேயில் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். மணிக்கட்டில் அந்த உறை வீங்கி நடு நரம்பை அழுத்துவதால்தான் மூன்று விரல் மரக்கிறது. ராத்திரி மணிக்கட்டை நேராக வைக்கும் பட்டை போட்டுப் பாருங்கள். கட்டைவிரல் அடிச் சதை வற்ற ஆரம்பித்தால் தள்ளிப்போடாமல் நரம்புப் பரிசோதனை செய்ய வேண்டும்.

மருந்தில், மூன்று மாதத்துக்கு மேல் வீக்கமும் ஒரு மணி நேர விறைப்பும் இருந்தால் வலி மாத்திரையிலேயே ஓட்டக் கூடாது. எதிர்ப்பாற்றலின் அழற்சியை அடக்கும் மருந்துகளில் ஹைட்ராக்சிகுளோரோகுவின் மட்டும் கொடுத்துப் பார்ப்பது பழக்கம். கேரளத்தில் 24 வாரம் நடந்து 2017இல் வெளியான ஆய்வில், அதோடு அதே வகையைச் சேர்ந்த மெத்தோட்ரெக்ஸேட், சல்ஃபாசலசின் இரண்டையும் சேர்த்தவர்கள் அதை மட்டும் எடுத்தவர்களைவிடத் தெளிவாக முன்னேறினார்கள். உங்கள் அத்தைக்கு எது என்பதைச் சிறுநீரகமும் கல்லீரலும் எப்படி இருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் சொல்ல முடியும்.

அந்தப் பொடி பற்றி மருந்தாளர் யாராவது சொல்லட்டும். எனக்கு அதுதான் உறுத்துகிறது.

ஸ்லைடும்_சீரமும்

லேப் பக்கம் மட்டும்.

"ஆர்த்ரைட்டிஸ் புரொஃபைல்" என்று பேக்கேஜ் விற்பதால் வரும் குழப்பம் இது. ஏ.எஸ்.ஓ. டெஸ்ட் தொண்டைக் கிருமியால் வரும் வாதக் காய்ச்சலுக்கு, பெரும்பாலும் சின்ன வயசுப் பிள்ளைகளுக்குப் பார்ப்பது. 56 வயசில், சிக்குன்குனியா என்று தெரிந்த பிறகு, அது தண்டச் செலவு. யூரிக் ஆசிட் 6.8 இருப்பதாலேயே கவுட் (யூரிக் ஆசிட் மூட்டில் படிந்து வரும் வாதம்) ஆகிவிடாது. மேலும் அவர் பிரஷர் மாத்திரையில் இருக்கிற ஹைட்ரோகுளோரோதயசைடு தானாகவே யூரிக் ஆசிடை ஏற்றும். கால் கட்டைவிரல் மாதிரி ஒரே மூட்டு திடீரென்று சிவந்து வீங்கிய வரலாறு இல்லாமல் ஃபெபுக்சோஸ்டாட் எதற்கு என்று எழுதியவரையே கேளுங்கள்.

ஆர்.ஏ. ஃபேக்டர் வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகு லேசாக ஏறும், வயசானாலும் ஏறும். வரம்பு 20, ரிப்போர்ட் 24 என்றால் அது சாட்சியே இல்லை. வரம்பைப்போல் மூன்று மடங்கு தாண்டினால் கனம் உண்டு. ஈ.எஸ்.ஆர். சோகை இருந்தாலும் ஏறும், எனவே அழற்சிக்கான இன்னொரு டெஸ்டான சி.ஆர்.பி.யும் ஹீமோகுளோபினும் சேர்த்துப் பாருங்கள்.

சிக்குன்குனியா டெஸ்டை மறுபடி எடுக்கச் சொன்னால் வேண்டாம். வைரஸையே தேடும் பி.சி.ஆர். முதல் வாரத்தோடு சரி. ஐ.ஜி.எம். ஐந்தாம் நாள் வாக்கில் வந்து சுமார் மூன்று மாதம் இருக்கும், சிலருக்கு இன்னும் நீளும். பழைய தொற்றைக் காட்டும் ஐ.ஜி.ஜி. பல வருஷம் நிற்கும். 2006இல் தமிழ்நாட்டில் பரவியபோது வந்துபோனவர்களுக்கே இன்றும் பாசிட்டிவ் காட்டலாம். "இன்னும் பாசிட்டிவ், அதனால் கிருமி இருக்கு" என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பயப்படுகிறவர்கள் நிறைய.

எடுக்க வேண்டியது: ஆன்ட்டி சி.சி.பி., சி.ஆர்.பி., முழு ரத்த எண்ணிக்கை, எஸ்.ஜி.பி.டி. (கல்லீரல்), கிரியாட்டினின் (சிறுநீரகம்), டி.எஸ்.எச். (தைராய்டு). மெத்தோட்ரெக்ஸேட் யோசனை இருந்தால் ஹெபடைட்டிஸ் பி, சி. இவ்வளவு போதும்.

கவுன்டர்_மருந்தாளர்

கரிசல்காடு, பொடியை இன்னிக்கு ராத்திரியே தூக்கி எறிஞ்சுடாதீங்க. தொடரவும் சொல்லலை. ரெண்டு நாளில் வலி பறக்குது, நிறுத்தினா முன்னைவிட மோசமா திரும்புதுன்னா முதல் சந்தேகம் ஸ்டீராய்டு. பெயர் இல்லாத பொட்டலப் பொடிகளில் பிரெட்னிசோலோனோ டெக்ஸாமெதசோனோ இடிச்சுக் கலக்கிறது பழைய தந்திரம், கூடவே டைக்ளோஃபெனாக் வலி மருந்தும் இருக்கலாம். முகம் உப்பியிருக்கா, பசி அதிகமா, தூக்கம் கெட்டிருக்கா, கணுக்காலில் நீர் கோத்திருக்கான்னு பாருங்க.

சுகரைக் காலையில் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. காலையில் போடுற பிரெட்னிசோலோன் மதியத்திலிருந்து சாயங்காலம் வரைக்கும்தான் சுகரை ஏத்தும், மறுநாள் காலை ஓரளவு இறங்கியிருக்கும். மதியச் சாப்பாடு முடிஞ்சு ரெண்டு மணி நேரம் கழிச்சு ஒருமுறை குத்திப் பாருங்க.

மூணு வாரத்துக்கு மேல ஸ்டீராய்டு உள்ளே போனா அட்ரீனல் சுரப்பி தன் வேலையை நிறுத்தி வெச்சிருக்கும். திடீர்னு விட்டா தலைசுற்றல், வாந்தி, பிரஷர் இறக்கம், எழுந்து நிக்க முடியாத சோர்வு. அதனால பொட்டலத்தோடேயே டாக்டர்கிட்ட போங்க. பொடியில் எவ்வளவு இருக்குன்னு யாருக்கும் தெரியாது, அதனால வழக்கமா அளவு தெரிஞ்ச பிரெட்னிசோலோனுக்கு மாத்தி, காலையில் ஒரே வேளையா, வாரக்கணக்கில் படிப்படியாக் குறைப்பாங்க. அட்ரீனல் வேலை செய்யுதான்னு பார்க்கக் காலை எட்டு மணி வாக்கில் கார்ட்டிசால் டெஸ்டும் எழுதலாம். நடுவில் மேலே சொன்ன அறிகுறி வந்தா நேரா அவசரப் பிரிவு, போனதும் முதல் வார்த்தை "ஸ்டீராய்டு சாப்பிட்டவர்" என்பதா இருக்கட்டும்.

ஸ்டீராய்டே விஷம்னு சொல்ல வரலை. இடைநிலையில் வீக்கம் கடுமையா இருந்தா டாக்டர்களே பிரெட்னிசோலோன் 10 மி.கி. மாதிரி கொஞ்ச நாளுக்குக் கொடுத்து இறக்குவாங்க. அளவும் தேதியும் எழுதி இருக்கும், அதுதான் வித்தியாசம்.

அடுத்தது வலி மாத்திரை. டெல்மிசார்டன், ஹைட்ரோகுளோரோதயசைடு, இது ரெண்டோட டைக்ளோஃபெனாக், நாப்ராக்சன், எட்டோரிகாக்சிப் எது சேர்ந்தாலும் சிறுநீரகத்துக்கு மும்முனைத் தாக்குதல். சுகர் வேற. கிரியாட்டினின் பார்க்காம கடையில் வாங்கிப் போடக் கூடாது. பாராசிட்டமால் 650, ஒரு நாளைக்கு மூணு, மிஞ்சினா நாலு. ஜலதோஷ மாத்திரையிலும் பாராசிட்டமால் ஒளிஞ்சிருக்கும், அதையும் கணக்கில் சேர்க்கணும்.

கைக்கு டைக்ளோஃபெனாக் ஜெல் நல்ல வழி, மாத்திரையைவிட ரத்தத்துக்குப் போறது ரொம்பக் குறைவு. ஆனா எல்லாரும் பட்டாணி அளவு தடவிட்டு "வேலை செய்யலை"ங்கிறாங்க. 1 சதவீத ஜெல்லில் ஒரு கைக்கு ஒரு வேளைக்கு 2 கிராம், நாலு வேளை. ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் கோடு வரைக்கும் பிதுக்கினா அரை கிராம், அப்போ நாலு கோடு. ஒரு கைக்கே 30 கிராம் டியூப் நாலு நாள்தான் வரும். நாலு மூட்டுக்கும் தாராளமாப் பூசினா அதுவும் மாத்திரை மாதிரிதான், அதனால ரொம்ப வலிக்கிற கைக்கு மட்டும், அதையும் டாக்டர்கிட்ட சொல்லிட்டு.

மெத்தோட்ரெக்ஸேட் எழுதினா ஒண்ணே ஒண்ணு: வாரத்துக்கு ஒரு நாள். தினம் இல்லை. சீட்டில் சின்னதா எழுதியிருக்கிறதைத் தினமும்னு படிச்சுப் போட்டு ரத்த அணு மொத்தமா இறங்கிச் செத்தவங்க உண்டு. ஞாயிறு மெத்தோட்ரெக்ஸேட், புதன் ஃபோலிக் ஆசிட்னு காலண்டரிலேயே வட்டம் போடுங்க. வாய்ப்புண் வந்தா அடுத்த டோஸைப் போடாம போன் பண்ணுங்க. கோ-ட்ரைமாக்சசோல்ங்கிற ஆன்டிபயாட்டிக் மாத்திரை இதோட சேரவே கூடாது. பலன் தெரிய ஆறு, எட்டு வாரம் ஆகும். ரெண்டு வாரத்தில் "ஒண்ணும் கேட்கலை"ன்னு நிறுத்துறது அடிக்கடி நடக்கிற தப்பு.

கரிசல்காடு

நன்றி. மதியம் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தோம், 291. காலையில் வெறும் வயிற்றில் 128தான் இருந்தது. முகமும் உப்பித்தான் இருக்கிறது, உடம்பு தேறியிருக்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தோம். நாளைக் காலை அரசு மருத்துவமனை வாதநோய்ப் பிரிவுக்குப் பொட்டலத்தோடு போகிறோம். அதுவரை கை, காலுக்கு என்ன செய்யலாம்? ஒருவர் ஸ்பாஞ்ச் பந்தை அழுத்தச் சொன்னார், இன்னொருவர் சூடாக எண்ணெய் போட்டு உருவிவிடச் சொன்னார்.

பிசியோ_மேசை

ரெண்டுமே இப்போ வேண்டாம். பந்து அழுத்துறது பலம் ஏத்துற பயிற்சி. உறை வீங்கியிருக்கிற தசைநாரை இழுத்துப் பிடிச்சா அது இன்னும் உரசி வீங்கும். வீக்கம் இறங்கி, முழுசா மடக்க வந்த பிறகு வெச்சுக்கலாம். எண்ணெய் மேலாகத் தடவலாம், தப்பில்லை. அழுத்தி உருவுறதும் சொடக்கு எடுக்கிறதும்தான் கெடுதல்.

காலை விறைப்புக்கு வெந்நீர். பேசினில் கை பொறுக்கிற சூடு, 40 டிகிரிக்குள்ள, பத்து நிமிஷம். சுகர் இருக்கிறதால அவங்க காலுக்கு உணர்ச்சி குறைஞ்சிருக்கலாம், சூட்டை வேற ஒருத்தர் முழங்கையால பார்த்துட்டுத்தான் வைக்கணும். மூட்டு தொட்டாலே சுட்டு வீங்கியிருந்தா வெந்நீர் கூடாது, துணியில் சுத்தின ஐஸ் பத்து நிமிஷம்.

தண்ணீருக்குள்ளேயே கைப்பயிற்சி ஆரம்பிக்கலாம். விரலை நேரா நீட்டுங்க. நுனி ரெண்டு கணுவை மட்டும் மடக்கிக் கொக்கி மாதிரி வைங்க. மறுபடி நீட்டி, முழு முஷ்டி. மறுபடி நீட்டி, அடிக்கணுவை மட்டும் மடக்கி மேசை மாதிரி. கடைசியா விரல் நுனி உள்ளங்கை அடியைத் தொடுற தட்டை முஷ்டி. ஒவ்வொண்ணும் மூணு நொடி, அஞ்சு தடவை, ஒரு நாளைக்கு மூணு வேளை. தசைநார் உறைக்குள்ள வழுக்கி ஓடப் பழகுறதுதான் இதுல விஷயம், அதனால பலமா மடக்க வேண்டாம். வராத இடத்தில் இன்னொரு கையால இழுக்காதீங்க. செஞ்சு முடிச்சு ரெண்டு மணி நேரம் கழிச்சும் வலி கூடியே இருந்தா அளவு மிஞ்சிடுச்சு, அடுத்த வேளை பாதியாக் குறைங்க. வலிக்குதேன்னு முழுசா நிறுத்துறவங்களுக்குத்தான் விரல் மடங்காமலே நின்னுடுது.

மணிக்கட்டுப் பட்டையை ராத்திரி மட்டும். பகல் பூரா கட்டி வெச்சா பத்து நாளில் சதை வற்றும். கடையில் விற்கிற பல பட்டை கையைப் பின்பக்கமா வளைச்சு வைக்கும், உள்ளே இருக்கிற தகட்டை உருவி நேராக்கிட்டுப் போடுங்க.

குதிகாலுக்கு, இறங்குறதுக்கு முன்னாடியே வேலை. படுக்கையில் உட்கார்ந்து காலை நீட்டி, துண்டை முன்பாதத்தில் மாட்டித் தன் பக்கம் இழுக்கணும். 30 நொடி, மூணு தடவை, ரெண்டு காலுக்கும். துண்டைக் கையால பிடிக்க முடியலைன்னா முனையில் முடிச்சுப் போட்டு முன்கையில் சுத்திக்கலாம். கட்டிலடியில் எம்.சி.ஆர். செருப்பு இருக்கணும், சுகர்காரங்களுக்கு விற்கிறது. டைல்ஸ் தரையில் வெறுங்காலோட நடக்கிறவரைக்கும் குதிகால் ஆறாது. வீட்டுக்குள்ள செருப்பான்னு அத்தை முகம் சுளிப்பாங்க, தனி ஜோடி வாங்கிக் கொடுத்துடுங்க.

வீட்டு வேலையில் மூணை மட்டும் மாத்தினா போதும். துணி முறுக்கிப் பிழியுறது கூடவே கூடாது, சொட்டச் சொட்டக் கொடியில் போடட்டும். அரிவாள்மனையும் தேங்காய்த் துருவலும் வேற யாராவது பார்க்கட்டும், தரையில் உட்கார்ந்து எழுந்திரிக்கிறதில் கையை ஊன்றித்தான் மணிக்கட்டு போகுது. திருகு குழாயை மாத்தி நெம்பு குழாய் போடுங்க, இருநூறு முந்நூறு ரூபாய்க்கே கிடைக்கும், புறங்கையால தள்ளலாம்.

குணபாடம்

சித்த மருத்துவப் பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை, பொடி என்றாலே சித்த மருந்து என்று பழி வரும் என்பதால். முறையாகத் தயாரான மருந்தின் சீட்டில் உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சரக்குகளின் பெயர் எல்லாம் இருக்க வேண்டும். பொட்டலத்தில் எதுவும் இல்லையென்றால் அது எந்த மருத்துவத்தையும் சேர்ந்ததல்ல.

நிலவேம்புக் குடிநீர் குடிக்கலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என்று ஒன்பது சரக்கு, பெரும்பாலும் சுரத்துக்கானவை. காய்ச்சல் பரவும்போது அரசு கொடுப்பதும் அதனால்தான். நாலு மாத வாதத்துக்கு அதைக் குடித்துக்கொண்டு காத்திருப்பதில் பொருளில்லை. சுகர் மாத்திரை போடுகிறவர் எந்தக் கசாயத்தையும் மருத்துவரிடம் சொல்லாமல் சேர்க்க வேண்டாம். சாப்பாட்டிலும் கவனம் வேண்டும்: கத்தரிக்காய், உருளைக்கிழங்கை வாயு என்று நிறுத்தி, கடைசியில் ரசஞ்சோறில் வந்து நிற்பார்கள். தசை வற்றியிருக்கும் நேரத்தில் பருப்பு, முட்டை, மீன் குறையக் கூடாது.

கரிசல்காடு

கடைசியாக ஒன்று. மழைநாளில் வலி கூடுகிறது, மறுபடி சிக்குன்குனியா வந்துவிட்டதோ என்று பயப்படுகிறார்.

வாதநோய்_வார்டு

ஒருமுறை வந்தவருக்கு எதிர்ப்பாற்றல் பல வருஷம் நிற்கிறது, மறுபடி வருவது மிக அரிது. காய்ச்சல் இல்லாமல் பழைய மூட்டுகளே வலித்தால் அது பழைய அழற்சி ஏறி இறங்குவதுதான். புதிதாகக் காய்ச்சல் வந்தால் டெங்கு என்று நினைத்துக்கொண்டு பாருங்கள். அதே ஏடிஸ் கொசுதான் அதையும் பரப்புகிறது. டெங்கு இல்லை என்று உறுதியாகும்வரை டைக்ளோஃபெனாக் வகையும் ஆஸ்பிரினும் வேண்டாம், பாராசிட்டமால் மட்டும். ஒரே ஒரு மூட்டு சிவந்து, சுட்டு, குளிர்க்காய்ச்சலோடு வீங்கினால் அது மூட்டுக்குள் சீழாக இருக்கலாம். சுகரும் ஸ்டீராய்டும் சேர்ந்த உடம்பு, அன்றைக்கே கொண்டுவர வேண்டும்.

நாளைக்குப் போகும்போது பழைய ஐ.ஜி.எம். ரிப்போர்ட், இப்போது போடும் எல்லா மாத்திரை அட்டைகள், மதிய சுகர் எண், பொட்டலம். காலையில் விறைப்பு விட எத்தனை நிமிஷம் ஆகிறது என்று ஒரு தாளில் இன்றிலிருந்தே எழுதச் சொல்லுங்கள். மருந்து வேலை செய்கிறதா என்பதை ஈ.எஸ்.ஆரைவிட அந்தத் தாள் சீக்கிரம் சொல்லும்.